ஷட்டர்காரர் விரித்துப் பிடித்த புத்தகம்

அந்தக் கடைத்தெருவில் காலையில் மேலே ஏறுகிற இரும்பு ஷட்டர்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர், அடுத்தவன் பட்டறையில் தகடு தூக்கி, முப்பது வயதில் சொந்தப் பட்டறை போட்டார். யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டி நின்றதில்லை. இதையெல்லாம் ஷட்டர்காரரே நாலு பேரிடம் சொல்லிவிடுவார் என்பதால், ஊராருக்கு அந்த வேலை மிச்சம்.

அவர் வீட்டு அம்மா வேறு ரகம். கையில் கதைப் புத்தகம் இருந்தால், அடுப்பில் பால் வழிந்தோடினாலும் அத்தியாயம் முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார். “உன் கதைய விட அது குடிச்ச பாலுக்குத்தான் செலவு ஜாஸ்தி” என்று இவர் கிண்டலடிப்பார். ஆனாலும் மாதம் தவறாமல் புத்தகம் வாங்கி வருகிறவரும் இவர்தான். அட்டை கெட்டியா, கனம் இருக்கிறதா என்று தகட்டைப் பார்ப்பது போலத் தட்டிப் பார்த்து வாங்குவார். உள்ளே என்ன கதை என்பது கடைக்காரர் பாடு.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்தபடி. ஊசி குத்திய இடது கையை அசைக்கவே கூடாது. மிச்சமிருக்கிற ஒரு கையால் தடிப் புத்தகத்தை எப்படி விரித்துப் படிப்பது? மாப்பிள்ளை யோசித்து ஒரு இ-ரீடர் வாங்கி வந்தார்.

“ஒரு கையால பிடிச்சுக்கலாம் மாமா. கட்டைவிரலால தட்டினா பக்கம் மாறிடும். எழுத்தையும் பெருசாக்கிக்கலாம்.”

ஷட்டர்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிலேட்டு மாதிரியில்ல இருக்கு. அத விட்டு ஓடி வந்தவன் நான். தேடிப் பிடிச்சு வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா மாப்ள?”

“படிக்கப் போறது அத்தைதானே மாமா.”

“அவளுக்கு வேணுங்கிறத வாங்கித் தர எனக்குத் துப்பிருக்கு. புத்தகம்னா அது புத்தகமா இருக்கணும். பிடிக்க ஒரு கை குறையுது, அவ்வளவுதானே? நான் பிடிக்கிறேன்.”

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அந்தக் கருவியை ஒருமுறை தடவிவிட்டு, “அப்பா சொல்றபடியே இருக்கட்டும்” என்றார்.

சொன்னால் சொன்னதுதான். டயாலிசிஸ் அறையில் கூட வந்தவர்களை விட மாட்டார்கள். ஆஸ்பத்திரி மருந்துக்கடையின் மக்கர் பண்ணிய ஷட்டரைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்து, உள்ளே உட்கார அனுமதி வாங்கினார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து மனைவி முகத்துக்கு நேரே பிடிப்பார். அந்த அம்மா தலையசைத்தால் பக்கம் புரட்டுவார். கை மரத்துப்போனாலும் இறக்க மாட்டார். “இரும்பு தூக்கின கை, காகிதம் தூக்க அழுவுமா?” என்று பட்டறையில் பேச்சு வேறு. இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஒரு நாள் புதுப் புத்தகம். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவருக்கு நேரமாகும், எண்கள் தண்ணீர் பட்ட பாடு. இடப்பக்கம் அறுபத்து நாலு, வலப்பக்கம் நாற்பத்தொன்பது என்று நின்றது. பைண்டிங்கில் கோளாறு, படித்து முடித்த கத்தையே மறுபடியும் வந்திருக்கிறது. அந்த அம்மா சொல்வார் என்று காத்திருந்தார். அந்த அம்மா பக்கத்தைப் பார்த்தார், தலையசைத்தார். இவர் புரட்டினார். மறுபடியும் தலையசைப்பு. கத்தை முழுவதும் அப்படியே தீர்ந்தது.

“கதை எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுது.”

“படிச்ச பக்கமே திரும்ப வந்திருக்கு. நீ ஒண்ணும் சொல்லலியே.”

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “விடுங்க.”

“எப்பலேர்ந்து?”

“மூணாவது மாசமே படிக்கிறத விட்டுட்டேன். கீழ ரெண்டு வரி உங்க விரல்ல மறைஞ்சுடும். நகர்த்துங்கன்னா புத்தகமே நகரும். நிதானமாப் படிச்சா உங்க கை நடுங்குறது தெரியும். அப்புறம் கதையில எங்க மனசு நிக்கும்?”

“சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தீங்க. அதப் போய் நான் எப்படிக் கெடுக்க?”

நடைபாதைக்கு வந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். “மாப்ள, அன்னிக்குக் கொண்டாந்தீங்களே, அது இன்னும் இருக்கா?”

“இருக்கு மாமா. அத்தைக்குப் பிடிச்ச கதையெல்லாம் அப்பவே ஏத்தி வச்சேன், அப்படியே இருக்கு. சாயந்திரம் கொண்டாறேன்.”

மாப்பிள்ளை பேச்சில் ஒரு குத்தல் இல்லை. குத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போனது.

அடுத்த முறை அந்த அம்மா கருவியை வலது கையில் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போனார். ஷட்டர்காரர் பழக்க தோஷத்தில் ஸ்டூலில்தான் இருந்தார், செய்ய ஒன்றுமில்லை. இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். காதில் விழவில்லை. ஒருமுறை மனைவி தனக்குள் சிரித்தபோது, “என்ன?” என்றார். “இருங்க” என்று பதில் வந்தது.

நாலு மணி நேரம் முடிந்து நர்ஸ் ஊசியைக் கழற்ற வந்தபோது, அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “அதுக்குள்ளயா?” என்றார்.

ஷட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாக இதே கட்டிலில் தன் கண்ணெதிரே மனைவிக்கு நேரம் எப்படி நகர்ந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.