உடம்பில் ஒட்டாத கீரை

தையற்காரிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் உயிர் போய் உயிர் வரும். உடம்பில் ரத்தம் குறைவு, அது ஏறினால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் தினமும் கீரையும் பயறும் தின்றாள், இரும்புச்சத்து மாத்திரையும் விழுங்கினாள். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. வெட்டிய துணியில் அரை அங்குலம் குறைந்தாலே எங்கே போச்சு என்று தேடுகிறவள், தட்டுத் தட்டாகத் தின்ற கீரையைச் சும்மா விடுவாளா? கீரைக்காரியைச் சந்தேகப்பட்டாள், கடையை மாற்றினாள். அடுப்பைச் சந்தேகப்பட்டாள், அரைவேக்காடாக இறக்கினாள். வாய் கசந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது தடவை போனபோது நர்ஸிடமே கேட்டாள். "திங்கிறதெல்லாம் எங்கதாம்மா போகுது?"

"எப்படிச் சாப்பிடுறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா."

சொன்னாள். மத்தியானம் மிஷின் பக்கத்திலேயே சாப்பாடு. கடைசி வாய் இறங்குவதற்குள், அடுத்த கடையில் டீ போடும் அவள் வீட்டுக்காரர் ஒரு கிளாஸோடு வந்துவிடுவார். மாத்திரையும் அந்த டீயோடுதான் உள்ளே போகும்.

"அங்கதான் போகுது," என்றாள் நர்ஸ். "டீயில இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல சேர விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க."

திருடனைக் கண்டுபிடித்த சந்தோஷம் தெருமுனை வரைதான் நின்றது. வீட்டுக்காரர் அன்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். அவருக்குத் தெரிந்த பாசமெல்லாம் அந்த ஒரு கிளாஸில்தான் இருந்தது. அதை எப்படி வேண்டாம் என்பது?

மறுநாள் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் கை கழுவும் தொட்டியில் ஊற்றினாள். மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என் டீ அவ்வளவு மோசமா?"

மூடி மறைக்க முடியாமல் உடைத்துச் சொல்லிவிட்டாள். அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்போ இத்தனை நாளும் உன் ரத்தத்தை..."

"அட, நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க?"

துண்டைக்கூட எடுக்காமல் போனவர், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். டீ கொடுக்கக் கூடாது என்றால் வேறு எதைக் கொடுப்பது என்று நர்ஸைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் அரை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். கீரை மேல் தானே பிழிந்துவிட்டார்.

"இது இரும்பை உள்ள சேர்த்து விடுமாம்."

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடையில் ஆட்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தினமும் அப்படித்தான்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. நர்ஸ் ஆபரேஷனுக்கு நாள் சொன்னாள். தையற்காரி சிரித்தாள், கூட வந்த வீட்டுக்காரர்தான் அழுதார்.