தார்ப்பாய் போர்த்திய படம்

2025 ஜூலை 16, புதன்கிழமை. விடியும்முன் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முத்தாபுதுப்பேட்டையில் டீ குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். உடைந்த கிரேயான்களை வழக்கம்போல நிறவாரியாகப் பிரித்து பிஸ்கட் டப்பாக்களில் போட்டேன். பச்சையும் நீலமும்தான் சீக்கிரம் தேய்கின்றன. கறுப்பு அப்படியே கிடக்கிறது, காக்காய்க்கு மட்டும்தான் அது வேண்டும்.

காரணம் சீனரி. படம் வரை என்று எந்தப் பிள்ளையிடம் சொன்னாலும் வருவது அதுதான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் பள்ளி மொட்டைமாடியில் ஏறி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை கிடையாது. இத்தனை வருடம் ஓவியம் கற்பித்தும் அந்த இரண்டு மலைகளை என்னால் நகர்த்த முடியவில்லை.

அன்று இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமை பெற்றோர் வருவார்கள். அதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் படமும், கீழே பெயரோடு, வராந்தா சுவரில் இருக்க வேண்டும். "நேத்து வீட்டுக்குப் போற வழியில என்ன பார்த்தீங்களோ அதை வரையுங்க" என்றேன். வரிசை வரிசையாக மலைகள் எழும்பின.

"வழியில மலை பார்த்தியாடா?" என்று முன்பெஞ்சுப் பையனைக் கேட்டேன்.

"இல்ல சார். ஆனா சீனரின்னா மலை வரணும் சார்" என்றான், எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பவன்போல.

கடைசி பெஞ்சில் சத்தம். ஒரு சிறுமி தாள் முழுவதையும் கரும்பச்சையால் நிரப்பிக்கொண்டிருந்தாள். பச்சைமேல் கறுப்பு, அதன்மேல் மறுபடி பச்சை. ஓரத்தில் மட்டும் இரண்டு சக்கரங்கள். குறுக்கே கயிறுபோல இழுத்துக் கட்டிய கோடுகள்.

"சார், இவ தார் ஊத்திகினு கீறா சார்!" என்றான் பக்கத்துப் பையன்.

"தார் இல்லடா, தார்ப்பாய். உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அவள். பிறகு என்னிடம், "ரயில்வே கேட்டாண்ட கூட்ஸு வண்டி போச்சு சார். பெருசா மூடிகினு போச்சு. உள்ள இன்னா கீதுன்னு தெரில" என்றாள்.

அந்தத் தாளை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுத்தி அழுத்தித் தேய்த்த இடத்தில் மெழுகு பளபளத்தது. மூடிவைத்த ஒன்றின் கனம் அதில் இருந்தது. வகுப்பில் இப்படி ஒன்று என் கைக்குக் கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. இதை வராந்தாவின் நடுவில், மலைகளுக்கு மத்தியில் ஒட்டுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அவளும் பார்ப்பாள், மற்ற பிள்ளைகளும் பார்ப்பார்கள். அடுத்த முறை இன்னொரு பிள்ளையாவது மலையை விட்டுவிடும்.

வகுப்பாசிரியை எட்டிப் பார்த்தார். "ஒரே பச்சையா இருக்கே சார். நாம ஒண்ணுமே சொல்லித் தரலன்னு பேரன்ட்ஸ் நினைக்கப் போறாங்க."

"இருக்கட்டும் டீச்சர். எனக்கு இது வேணும்" என்றேன்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அம்மா வந்தார். படைத்துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், திருநெல்வேலிப் பக்கம். மகிழ்ச்சியில் நானே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன்.

"என்ன சார் இது, தாளு பூரா அப்பி வச்சிருக்கா? இவளுக்குப் படம் வராதோ?"

"இல்லம்மா. கிளாஸ்லயே இவ ஒருத்திதான் கண்ணால பார்த்ததை வரைஞ்சிருக்கா."

"என்னத்தப் பாத்தா?"

"அதான்மா, அப்பா கம்பெனிலேர்ந்து ட்ரெயின்ல போவுமே, மூடிகினு..." என்று சிறுமி தொடங்கினாள்.

"ஏட்டி, வாய மூடு." அம்மாவின் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "சார், இவ அப்பா பாக்குத வேல அப்படி. வீட்டுல எங்ககிட்டயே ஒரு வார்த்த சொல்ல மாட்டாக. இத சுவத்துல ஒட்டி, கீழ பிள்ள பேரும் எழுதி, நாளைக்கு யாராவது ஒண்ணு கேட்டா?"

"அம்மா, இதுல தார்ப்பாய் மட்டும்தானே இருக்கு."

"அதான் சார் சொல்லுதேன். மூடி வச்சதப் போயி வரைவாங்களா?"

 அவர் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. அந்தச் சம்பளத்தில் வாழ்பவர் அவர். தாளைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். "கோவிச்சுக்கிடாதீக சார். காலைல நல்ல படமாக் கொண்டாந்து தாரேன்" என்றார். சிறுமி சுருட்டிய தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். வண்டிச் சாவியைத் தேடினேன்.

மறுநாள் காலை வராந்தாவில் அவள் எனக்காக நின்றிருந்தாள். புதுத் தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை. கோடுகள் அம்மாவுடையவை, வண்ணம் அவளுடையது. எங்கும் கோட்டைத் தாண்டவில்லை.

"நேத்து வரைஞ்ச படம் எங்க இருக்கு?"

"தெரில சார். அம்மா எட்த்துகினாங்க."

"இன்னொண்ணு வரையிறியா? ட்ரெயின் வேணாம். வேற எது பார்த்தாலும் சரி. இப்பவே தாள் தரேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வாணா சார். மலையே போட்டுக்கறேன். ஈஸியா கீது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

அறையைத் திறந்து பசைப் புட்டியை எடுத்து வந்தேன். அன்றைய முதல் வேலையாக அந்தச் சீனரியைச் சுவரில் ஒட்டி, கீழே அவள் பெயரை எழுதினேன்.