டியூக் விற்ற சிப்பாய்களும் அல் ஐன் பாதையும்

1986 ஓகஸ்டில் ஷார்ஜாவிலிருந்து அல் ஐனுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் கம்பனியின் அல் ஐன் சைட்டில் சாரம் சரிந்து, செல்லையா என்ற ராமநாதபுரத்துத் தொழிலாளி இறந்துவிட்டார். உடலை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே எரிக்க அங்கேயே வேலை செய்த அவருடைய தம்பியைச் சம்மதிக்க வைக்கும்படி மேலாளர் சொன்னார். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன், யாழ்ப்பாணத்தானான நான் ஒருவன்தான்.

சைட் என்ஜினியர் வால்டர் தன் காரில் அழைத்துப் போனார். ஜேர்மன்காரர், வூர்ட்டம்பேர்க் பகுதி. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர், இரண்டு மணி நேரம். வழியில் ஒரு கடையில் தேநீர், ஐம்பது பில்ஸ், அதாவது அரைத் திர்ஹாம். (பரவாயில்லாத தேநீர்.)

"எங்கள் ஊர் ஆள்களும் இலங்கைக்கு வந்தார்கள், தெரியுமா?" என்றார் வால்டர்.

அவர்கள் நாட்டை ஆண்டது ஒரு டியூக் குடும்பம். ரைன் நதிக்கு அப்பாலும் அதற்கு நிலங்கள் இருந்தன. அரண்மனை மேல் அரண்மனை கட்டிக் கடனில் மூழ்கிய ஒரு டியூக், இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு படையையே ஒல்லாந்தருக்கு விலைக்குக் கொடுத்தார். ஆப்பிரிக்காவின் தென்முனை, பிறகு இலங்கை, ஜாவா. சண்டையைவிடக் காய்ச்சல்தான் நிறையப் பேரைக் கொன்றது. வால்டரின் முன்னோர் ஒருவரும் கொழும்போடு சரி. புதைத்த இடம் தெரியாது.

"அந்த டியூக் குடும்பம் என்னவாயிற்று?"

"வளர்ந்தது. அடுத்த தலைமுறையில் நாடு இருமடங்கானது, ராஜா பட்டமும் கிடைத்தது."

எட்டரை தாண்டி, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தோம்.

கேம்ப் ரூமில் தம்பி முனியசாமி சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லச் சொன்னதைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேணாம்ணே. ஆத்தா அவன் மொகத்தப் பாக்கணும். நீங்களே சொல்லுங்க, எப்பிடிண்ணே இங்க வச்சு எரிக்கிறது?"

வால்டரிடம் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் கேம்ப் அலுவலகத்திலிருந்து மேலாளருக்குப் போன் செய்தார். "தம்பி சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை. உடல் ஊருக்குப் போகும்வரை இந்த சைட்டில் வேலை நடக்காது."

உடல் போயிற்று, மூன்று வாரம் கழித்து. முனியசாமிக்கு லீவு கிடைக்கவில்லை. கபீல் (விசா கொடுத்த உள்ளூர் முதலாளி) பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. பெட்டி தனியாகத்தான் போனது. வால்டரின் ஒப்பந்தத்தைக் கம்பனி நீட்டிக்கவில்லை.

இப்போது அல் ஐன் போகிறவர்களுக்கு: நல்ல சாலை, ஒன்றரை மணி நேரம் போதும். கோடையைத் தவிருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: ஊரில் உங்கள் வீட்டுக்கு எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதை, ரூமில் இருக்கும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்; பெட்டியோடு ஒருவர் போக வேண்டி வரலாம்.