சின்ன ரூட்டுக்காரரின் வயிறு

பஸ் பணிமனையில் அவருக்குச் சின்ன ரூட் என்று பட்டப்பெயர். ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து மறுபடியும் ரயில் நிலையம் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியைத்தான் அவர் ஓட்டுவார். மற்ற ஓட்டுநர்கள் வெளியூர்த் தடத்துக்கு முட்டிமோதுவார்கள். அங்கே சாலையும் நன்றாக இருக்கும், ஓய்வு நாளும் கூடுதல். இவர் மட்டும் ஒதுங்கி நிற்பார். சோம்பேறி என்றார்கள் சிலர். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது போல என்றார்கள் சிலர். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

காரணம் வயிறு. அந்தச் சுற்றில் எங்கே கழிப்பறை இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலையில் வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் கடமுடா என்று உருட்ட ஆரம்பிக்கும். பிறகு உப்பும். பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வார். சில நாள் அதோடு போகும். சில நாள் அடுத்த நிறுத்தம் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்.

எதனால் என்று அவரும் யோசிக்காமல் இல்லை. மிளகாயைச் சந்தேகப்பட்டார். கத்தரிக்காயை விட்டார், பருப்பை விட்டார், பணிமனை கேன்டீன் பக்கம் போவதை விட்டார். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். எஞ்சின் அதிர்வு குடலைக் கலக்குகிறதோ என்று இருக்கைக்கு ஒரு மெத்தையும் வாங்கிப் போட்டார். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் பாலை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுப்பதே பால்தானே. அதுவும் அது அக்கா கொடுக்கும் பால்.

அம்மா போனபோது அவர் இரண்டாம் வகுப்பில் இருந்தார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். தம்பி எலும்பும் தோலுமாக இருந்தான். பால் கொடுத்தால் தேறிவிடுவான் என்று யாரோ சொன்னதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வாங்குவதே கொஞ்சம் பால். அதில் தன் பங்கையும் தம்பியின் டம்ளரில் ஊற்றிவிடுவார். பிள்ளையும் ஒருவழியாகத் தேறிவிட்டான். பிறகு அக்கா ஒரு பால் பூத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாளாவட்டத்தில் அந்தப் பூத்தையே எடுத்து நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குக் குடிபோன பின்னும் விடிந்ததும் ஒரு பால் பாக்கெட் தம்பி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மனைவி காய்ச்சிக் கொடுப்பார். அவர் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்புவார். பூத்தைத் தாண்டும்போது அக்கா கேட்பார்.

"குடிச்சியாடா?"

"குடிச்சேன்க்கா."

சில காலை நேரங்களில் அதைக் குடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அக்கா குடிக்காமல் தனக்குக் கொடுத்தது நினைவுக்கு வரும். ஒரே மடக்கில் குடித்துவிடுவார்.

ஒரு மழைக்காலக் காலையில்தான் எல்லாம் சந்திக்கு வந்தது. வண்டி நிரம்பி வழிந்தது. சந்தைக் கழிப்பறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றன. அவருக்கு நெற்றியில் வியர்த்தது. பற்களைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, சாவியை உருவிக்கொண்டு இறங்கி, எதிரே இருந்த பெயிண்ட் கடைக்குள் ஓடினார்.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று கண்டக்டர் படியிலிருந்து கூப்பிட்டது மழையில் கரைந்துபோனது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. "ஐயா டீ சாப்பிட்டு வர்றாரு போல" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். அவர் வண்டியை எடுத்தார். ஒரு பயணி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். பயணிகளை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிய ஓட்டுநர் என்று சாயந்திரத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "என்னய்யா இது? டயர் பஞ்சர்னா புரியுது. வண்டிய போட்டுட்டு பெயிண்ட் கடைக்குள்ள ஓடினா நான் மேல என்னன்னு பதில் சொல்றது?"

அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளதைச் சொன்னார். மேலாளர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "மொதல்ல டாக்டர பாருங்க. அதுவரைக்கும் வண்டி கழுவுற எடத்துல இருங்க" என்றார். குரலில் கடுமை குறைந்திருந்தது.

டாக்டர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன உள்ளே போகிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர். வெறும் பால்தான்."

"எவ்வளவு?"

அவர் கைகளால் டம்ளரின் உயரத்தைக் காட்டினார். டாக்டரின் புருவம் ஏறியது.

"கொஞ்ச நாள் அத நிறுத்திப் பாருங்க."

"பாலையா?"

"பாலத்தான்."

"டாக்டர், ஒடம்பு சரியில்லன்னாதானே பாலே குடிக்கச் சொல்லுவாங்க."

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது, அதைச் செரிக்க வைக்கும் பொருள் பச்சைக் குழந்தையின் குடலில் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துபோகும் என்று டாக்டர் விளக்கினார். அப்படிப்பட்டவர்கள் டம்ளர் டம்ளராகக் குடித்தால் அது செரிக்காமல் கீழே இறங்கி, வாயுவாகி உருட்டும். உலகத்தில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் குறைவு உண்டு. இதை வியாதி என்று சொல்ல முடியாது. டீயில் கலக்கும் கொஞ்சம் பால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தயிரும் அனேகமாக ஒத்துக்கொள்ளும்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் நிறுத்திப் பார்த்தார். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. பாக்கெட் வழக்கம்போல வந்தது. குடிச்சியாடா என்ற கேள்வியும் வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி கழுவும் இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு, இப்போது உருட்டும், இப்போது உருட்டும் என்று காத்திருந்தார். வாரம் ஒன்று போயிற்று. வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் வேறு கோளாறு எதுவும் இல்லை.

மேலாளர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். வெளியூர் ஓட்டுநர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்குப் பதிலாக இவரையே அனுப்பினார். அன்றைக்குத்தான் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் நகரத்தைத் தாண்டி ஓட்டினார். இரண்டு பக்கமும் வயல். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. கடையில்லை, கழிப்பறையில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லை. அவருக்கு அதைப் பற்றிய கவலையும் இல்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷமும் ஒரே ஊருக்குள் செக்குமாடு மாதிரி சுற்றியது ஒரு டம்ளர் பாலுக்காகவா?

அந்தக் கோபத்தைக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. ஓய்வறையில் யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்தார். "எந்த மாடாவது வளந்தப்புறம் பால் குடிக்குதா? மனுஷன் மட்டும் எதுக்குக் குடிக்கிறான்?" என்பார். கைப்பேசியில் யார் யாரோ பேசியதையெல்லாம் போட்டுக் காட்டுவார். முழங்கால் வலியா, பால். முடி கொட்டுகிறதா, பால். முன்கோபமா, அதுவும் பால். சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. மனைவி ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, "வயிறு அடங்கிடுச்சு. வாய் அடங்க மாட்டேங்குது" என்றார்.

மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். கண்டக்டர் மட்டும் நம்பினார். பெயிண்ட் கடை விவகாரத்தைக் கண்ணால் பார்த்தவராயிற்றே. அவர் தன் சின்ன மகளுக்குப் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். கண்டக்டரின் மனைவி பூத்துக்குப் போய் நாளையிலிருந்து பாக்கெட் வேண்டாம் என்றார். அக்கா ஏன் என்று கேட்டார்.

"உங்க தம்பிதான் சொன்னாராம். பால் விஷமாம்."

அன்று மாலை அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை.

"பால் விஷமாமே."

தம்பி தட்டைத் தள்ளி வைத்தார்.

"தெனமும் குடிச்சியான்னு கேட்டேனே. பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டினியே."

"குடிக்கலக்கா."

"அப்ப நான் குடுத்த பாக்கெட்டெல்லாம் எங்க போச்சு?"

"தயிராக்கிட்டேன் அண்ணி" என்றார் மனைவி, அடுப்படியிலிருந்து.

அக்கா தம்பி பக்கமே திரும்பினார். "நாலு பேரு முன்னாடி நீ சொன்னது என் காதுக்கு யாரோ சொல்லி வரணுமா? இத்தன வருஷம் உனக்கு விஷத்தையா ஊத்தினேன்?"

"அப்படி இல்லக்கா. சின்ன வயசுல ஒத்துக்கிட்டிருக்கும், வளந்தப்புறம்தான் இப்படி ஆகும்னு டாக்டரே சொன்னாங்க."

"அத அந்த டாக்டர் என் மூஞ்சிய பாத்து சொல்லட்டும்."

மறுநாளே இருவரும் போனார்கள். டாக்டர் அக்காவின் குறையை முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"பால் விஷம்னு நான் சொன்னேனா?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"உங்க வயித்துக்கு ஆகல. அவ்வளவுதான் நான் சொன்னது. ஒத்துக்கிறவங்களுக்கு அது நல்ல சாப்பாடு. அந்தக் கொழந்த நல்லா குடிச்சிட்டிருந்தா, அத எதுக்கு நிறுத்தணும்? அதே மாதிரி, பால் இல்லாட்டி எலும்பே நிக்காதுங்கிறதும் சரியில்ல. கீரை, முட்டை, முள்ளோட சாப்பிடுற சின்ன மீன், தயிர்னு வேற வழியும் இருக்கு."

"கேட்டியா?" என்றார் அக்கா, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு. கிளம்புவதற்காக நாற்காலியைப் பிடித்து எழுந்தார். இடுப்பில் கை வைத்து, முதுகை நிமிர்த்த ஒரு கணம் ஆனது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டு, எலும்பைப் படம் எடுக்க அனுப்பினார்.

அக்காவின் எலும்பு மெலிந்திருந்தது. படத்தோடு மறுபடி போனபோது டாக்டர் கேட்டார்: "நீங்க பால் குடிக்கிறதுண்டா?"

அக்கா வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். "எனக்காகவே விட்டுட்டாங்க டாக்டர். அம்மா போனதுலேர்ந்து அவங்க பங்கும் எனக்குத்தான். அதனாலதான் இப்படி ஆயிடுச்சு."

அக்காவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "அதெல்லாம் இல்ல டாக்டர். எனக்குப் பால் வாசமே ஆகாது. கிட்ட கொண்டுபோனாலே கொமட்டும்."

தம்பி திரும்பிப் பார்த்தார். "அப்ப என் டம்ளர்ல ஊத்தினது?"

"கீழ கொட்டினா அப்பா தோல உரிச்சிருப்பாரு. நீயும் நோஞ்சானா இருந்த. ரெண்டுக்குமா சேந்து அப்படி செஞ்சேன்."

"இத்தன வருஷமா பூத்துல ஒக்காந்துக்கிட்டு?"

"விக்கிறவளே குடிக்க மாட்டான்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

டாக்டர் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மாத்திரை கொடுத்து, பால் வேண்டாம், தயிர் சாப்பிடுங்கள், வெயிலில் கொஞ்சம் நடங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். அக்காவின் மேல் அவருக்குக் கோபம் வரும்போல் இருந்தது. ஆனால் வரவில்லை. பெரிய தியாகம் ஒன்றுக்குப் பதில் செய்தாக வேண்டும் என்று இத்தனை காலம் மனதில் சுமந்துகொண்டிருந்தது இறங்கியதில், அவருக்கு லேசாகத்தான் இருந்தது. நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது. அக்கா, "பல்லக் காட்டாம ரோட்ட பாத்து நட" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்டக்டர் வீட்டுக்குத் தனியாகப் போனார். வாசலிலேயே நின்று கண்டக்டரின் மனைவியிடம் சொன்னார்: "நான் தெரியாம வாய விட்டுட்டேம்மா. என் வயித்துக்குத்தான் ஆகாது. பாப்பாவுக்கு ஒத்துக்கிச்சுன்னா தாராளமா குடுங்க." கண்டக்டரின் மனைவியோ, அந்தப் பிள்ளை அடுத்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றார். பூத்தில் பாக்கெட் மறுபடி தொடங்கியது.

ஓய்வறையில் அவர் அதற்குப் பிறகு பாலைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது வம்புக்கு இழுத்து, பால் நல்லதா கெட்டதா என்று கேட்டால், "குடிச்சா உனக்கு என்ன பண்ணுது?" என்று திருப்பிக் கேட்பதோடு சரி.

அக்கா இப்போது பூத்தைச் சாத்திவிட்டுத் தம்பி வீட்டு வழியாக நடந்து வருகிறார். காலைப் பாக்கெட்டை அக்கா நிறுத்திவிட்டதால், தம்பி மனைவி தானே பால் வாங்கித் தோய்த்த தயிரை ஒரு கிண்ணத்தில் வைப்பார். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே மருந்துபோல அதைச் சாப்பிடுவார்.

"தண்ணியா இருக்கே. பால் எங்க வாங்கின?"

"உங்க பூத்துலதான் அண்ணி."

அக்கா இன்னொரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, யோசித்துப் பார்த்தார்.

"அப்ப உனக்கு ஒற ஊத்தத் தெரியல" என்றார்.