வட்டப் படத்தின் விளிம்பில் என் கை

கருவாட்டு வாசமும், கறுப்புத் துணிக்குள் அடைபட்ட என் வியர்வை வாசமும்... உடப்புக் கடற்கரை என்றால் இன்றைக்கும் முதலில் வருவது அதுதான்.

யுத்தம் முடிந்து, வன்னியிலிருந்து வந்து அங்கே தனியாக அறை எடுத்திருந்த காலம். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இருந்தது ஒரு பழைய பெரிய கேமரா. தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, பின்கண்ணாடியில் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிற சாமான்! அதற்கு ஒரு ஃபிஷ்ஐ லென்ஸ் மாட்டியிருந்தேன். முன்னால், இடம், வலம், மேல், கீழ் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் வந்து விழும்.

மீன்கண் லென்ஸ் என்று விளக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எந்த மீன்ட கண் தம்பி? பாரையா, சூரையா?" கரைவலைச் சொந்தக்காரர் மாரிமுத்து அண்ணன் கேட்க, மீனவர் தங்கும் ஓலைக் கொட்டிலான வாடியே சிரித்தது.

வலை இழுக்க இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். மீன் பிரிக்கும்போது கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் பங்கு உண்டு. நான் மட்டும் கேமராவோடு தள்ளி நிற்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் மனம் வலிக்கும். மீனுக்காக இல்லை... வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி நிற்பதுதான் வலி.

ஒருநாள் காலை, இரண்டு கூட்டத்தையும் கடலோடு சேர்த்து ஒரே வட்டத்தில் பிடிக்க நடுவில் போய் நின்றேன். வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு உச்சத்தில்...

"தம்பி, விலகு! கயிறு வருது!"

கயிறு கேமரா முக்காலியில் இடிக்க வந்துவிட்டது. இடது கையால் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வலது கையால் ஷட்டரை அழுத்தினேன்.

படம் கழுவிப் பார்த்தால் கடல், வானம், இரண்டு கூட்டம்... எல்லாம் அருமை. விளிம்பில் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி ஒரு தடித்த கை. என் கை! அட கடவுளே என்று ஆகிவிட்டது. கொழும்பில் கண்காட்சிக்கு வைக்க வேண்டிய படம். கறுப்பு மட்டையில் வட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக வெட்டிக் கையை மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் வாடியில் காட்டினேன்.

"இது ஆர்ட கை?" மாரிமுத்து அண்ணன் விளிம்பில் விரலை வைத்தார்.

"என்ட கைதான் அண்ணன். பிழையா விழுந்திட்டுது. மறைக்கப் போறன்."

"மறைக்கப் போறியா? டேய், எல்லாரும் இங்க வாங்கடா! இவன் கயிறு பிடிச்சிருக்கிறான், நாம பங்கு குடுக்காம விட்டிட்டோம்!"

அன்றைக்குப் பங்கு பிரிக்கையில் ஒரு பை நிறையச் சூடை மீன் என் கைக்கும் வந்தது. அழுகை வந்துவிட்டது. ஃபோகஸ் பார்ப்பதுபோல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கண்காட்சியில் முழு வட்டமும் தொங்கியது, கையோடு.

இப்போது பொக்கற்றில் இருக்கிற ஃபோனே எல்லாவற்றையும் அகலமாக எடுத்துவிடுகிறது. கல்யாண வீடுகளில் நாள் முழுக்க எடுக்கிறேன், ஒன்றிலும் நான் இல்லை. "உங்கட படம் ஒண்டு காட்டுங்களேன்" என்று யாராவது கேட்டால் ஃபோனில் அந்த வட்டப் படத்தைத் திறந்து, விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டுவேன்.

"முகம் எங்க?" என்பார்கள்.

முகம் எதற்கு? மாரிமுத்து அண்ணனுக்கு அந்தக் கை போதுமாக இருந்ததே...