முச்சந்தியில் நின்ற கால்

ஏதென்ஸில் செத்தவர்களின் பெயரை மின்கம்பத்தில் ஒட்டுகிறார்கள். கறுப்புக் கரையிட்ட வெள்ளைத் தாளில் பெயர், தேவாலயம், அடக்கம் செய்யும் நேரம். வந்த புதிதில் வாடகைக்கு வீடு இருக்கிறது என்று ஒட்டியிருப்பதாக நினைத்தேன். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஓட்டல் சமையலறை வேலைக்குப் போகிற வழியில் ஒரு கம்பத்தையும் விடுவதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுடையது காதுகுத்துக்கே நாலு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர். என் தம்பி குமார் செத்தபோது துண்டுத் தாள்கூட ஒட்டவில்லை.

ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில் விபத்தில் இறந்தான். வேறு சாதியில் கட்டியவன் என்பதால், "ஒருத்தியும் ஊட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது" என்றார் அப்பா. குமாரின் மனைவி வீட்டார் அவனை எங்கள் ஊர் வழியாகத்தான் தங்கள் இடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். நானும் அம்மாவும் கொல்லைப்புறமாக ஓடி முச்சந்திவரை போனோம். அதற்குமேல் பெண்கள் போவது எங்கள் வழக்கமில்லை. நின்றுவிட்டோம். வழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அப்பாவுக்குப் பயந்துதான் நின்றேன்.

போன மாதம் இங்கே ஏதென்ஸில் எங்கள் பேட்டையில் ஒரு நாடகம் போட்டார்கள். அரசன் தடுத்தும் அண்ணன் உடலுக்கு மண் போட்ட தங்கையின் கதை, மிகப் பழைய கிரேக்கத் துன்பியல். பல நாட்டுப் பெண்கள் அதை அவரவர் மொழியில், அவரவர் ஊர் வழக்கப்படி நடிக்க வேண்டும் என்றார் இயக்குநர் நிக்கோஸ். ஒரு சிரியாக்காரி, ஒரு நைஜீரியாக்காரி, நான். ஒத்திகையில், உடலென்று கிடத்தியிருந்த துணிமூட்டையை நோக்கி நடந்தேன். அதற்குள் யாரோ படுத்திருப்பது போலிருந்தது. பாதியில் கால் நின்றுவிட்டது.

நிக்கோஸ் கைதட்டினார். "அருமை! உங்கள் ஊர்த் தங்கை அங்கேதான் நிற்பாள். நாடகத்திலும் அப்படியே நில்."

"நான் நடிக்கலீங்க" என்றேன், தமிழில். அதையும் வசனம் என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை அம்மாவிடம் போனில் கொட்டினேன்.

"ஏஞ்சாமி, அங்க பொம்பளைங்க மண்ணு போடலாமா?"

"நாடகத்துல போடலாம்மா."

"அப்ப நின்னு போயிராத. எனக்குஞ் சேத்தி ஒரு பிடி போட்டுரு. உங்கப்பன்கிட்ட மூச்சு உட்றாத."

நாடகத்தன்று நிக்கோஸ் ஓரத்திலிருந்து நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் நிற்கவில்லை. அம்மாவுக்காக ஒரு பிடி போட்டேன், எனக்காக ஒரு பிடி. "குமாரு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூட்டம் அதையும் நடிப்பென்று எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் வெள்ளைத் தாளில் கறுப்புக் கரை வரைந்து, குமாரின் பெயரைத் தமிழில் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் ஒரு கம்பத்தில் ஒட்டினேன். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாருமில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில் ஒட்ட, எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.