சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்

எங்கள் தெருவில் பாதிப் பேர், நானும் என் வீட்டுக்காரரும் விடிந்தால் சண்டை போடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?" என்று நான் கேட்பது தெருமுனைத் தண்ணீர் டேங்க் வரைக்கும் போகும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டும் போகாது. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆன தொண்டை என்பதால் தாங்குகிறது. வேறு யாராவது என்றால் எப்போதோ கட்டியிருக்கும்.

அவர் பீரங்கிப் படையில் இருந்தவர். வாலிபத்தில் பெரும்பகுதி பீரங்கிக்குப் பக்கத்திலேயே போனது. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்களாம். திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தபோது பென்ஷனோடு ஓர் இரைச்சலும் கூடவே வந்தது. "சில்வண்டு கத்துற மாதிரியே கீதும்மா, நிக்கவே மாட்டேங்குது" என்பார். படுக்கும்போது ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவை உஸ்ஸென்று ஓடவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த இரைச்சலை வைத்து இந்த இரைச்சலை அடக்குகிறாராம். என் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. பயம் பிடித்தது பாண்டி ரோட்டில்தான். ஓமந்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார். ஒருநாள் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்குவார் என்று பார்த்தேன். அவர் பாட்டுக்கு நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தார். ஹாரன் என் முதுகில் இடித்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். வண்டி ஆடி ஓரத்து மண்ணில் இறங்கியது. லாரி உரசிக்கொண்டு போனது. டிரைவர் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனான்.

"இன்னாத்துக்கு முறைக்கிறான் அவன்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவர் நிலத்துக்குக் கிளம்பினால், திரும்பி வந்து கேட்டைத் திறக்கும் வரை அடுப்படியில் கை ஓடாது. ஸ்கூட்டரை விடுங்கள் என்றால், "மல்லாட்டைக்கு யாரு தண்ணி கட்டுவா, நீயா?" என்பார். ஹியரிங் எய்டு வாங்கலாம் என்றால், "மிஷின் மாட்டிக்கினா கெழவன்னு சொல்லுவானுங்க" என்பார்.

"இப்ப மட்டும் இளவட்டம்னா சொல்றாங்க?" என்றேன். அது மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது.

கெஞ்சியும் அழுதும் ஒருவழியாக அவரை விழுப்புரத்துக்குக் கிளப்பினேன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ அட்டை உண்டு. என் சர்க்கரை மாத்திரையே அந்த அட்டையில்தான் வருகிறது. காது மெஷினும் கிடைக்கும், காதைச் சோதித்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று அந்த அட்டைக்கான கிளினிக்கில் சொல்லி ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் மாட்டினால் உள்ளே கத்தும் சில்வண்டுகூட கொஞ்சம் அடங்கலாம் என்றார்கள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். வெளியே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம், ஒரு இளம்பெண் மெஷினோடு உட்கார்ந்தாள். "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க சார். சின்னதா கேட்டாலும் தூக்கணும்" என்றாள். நான் சுவரோரமாக நின்று பார்த்தேன்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கை எழுந்தது. மறுபடியும் அழுத்தினாள். எழுந்தது. மெதுவாக, சத்தமாக, கீச்சென்று, கனமாக, எதை வைத்தாலும் விறைப்பாகக் கை மேலே போனது. குக்கர் விசில் கேட்காத மனுஷனுக்கு இது எப்படிக் கேட்கிறது?

"வயசுக்கு நல்லாவே கேக்குதேம்மா. மிஷின் தேவப்படாது" என்றாள் அந்தப் பெண். அவள் சொல்லும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றாமல் இன்னும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அவள் வலது தோளில் இருந்தது.

சட்டென்று புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. பட்டாளத்தில் வருஷா வருஷம் மருத்துவச் சோதனை உண்டு. காது மந்தம் என்று எழுதிவிட்டால் புரமோஷன் நின்றுவிடும், சர்வீஸ் நீட்டிப்பும் கிடைக்காது. அதனால் பீரங்கிக்காரர்களில் மூத்தவர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம்: மெஷினைப் பார்க்காதே, அழுத்துகிறவன் தோளைப் பார், தோள் அசைந்தால் கையைத் தூக்கு. அந்தத் தோளைப் பார்த்தே ஹவில்தார் ஆனவர் இவர்.

வெளியே வந்ததும் அவரைத் திருப்பி நிறுத்தினேன். "அந்தப் பொண்ணு தோளையே பாத்துக்கினு இருந்தீங்களா?"

முதலில் முறைத்தார். பிறகு யோசித்தார். பிட் அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் வந்துவிட்டது. "வேணும்னு பண்ணலம்மா. கை தானா போயிடுச்சி" என்றார். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்புறம் மெதுவாக, "விடேன். நல்லா கேக்குதுன்னு தானே சொல்லிகிறாங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஆமா, நல்லா கேக்குது. லாரிக்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்க!" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார். கையெழுத்து விழுந்துவிட்டால் நன்றாகக் கேட்கிறது என்பதுதான் முடிவு. அப்புறம் யாரிடம் போய், இல்லை, இவர் ஏமாற்றினார், ஆனால் ஏமாற்ற நினைக்கவில்லை என்று விளக்குவேன்? மறுபடியும் இந்த மனுஷனைப் பஸ் ஏற்றுவது நடக்கிற காரியமா? அவர் நிற்கும்போதே உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஜல்தியா வரச் சொல்லுங்கம்மா, டாக்டர் கெளம்பறதுக்குள்ள இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்றாள்.

இந்த முறை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டோம். எதிரே கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. பரீட்சை ஹாலில் பிட் பிடித்த கண் எனக்கு. அதில் ஜன்னல் தெரியும் என்று கழற்றி வைக்கச் சொன்னேன். அவர் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தொடையில் வைத்து, விறைப்பாக உட்கார்ந்தார். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றேன்.

அவள் அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. கை அசையவில்லை. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினாள். விளக்கு எரிந்தது. கை தொடையிலேயே இருந்தது. வேறு ஒலிக்கு மாற்றினாள். இன்னும் கூட்டினாள்.

நான் வேண்டிக்கொண்டு வந்ததே இதற்குத்தான். கை எழாமல் இருந்தால்தான் மெஷின் கிடைக்கும், மெஷின் கிடைத்தால்தான் பாண்டி ரோட்டில் அவர் பத்திரமாகப் போய் வருவார். ஆனாலும் விளக்கு எரிந்து எரிந்து அணைய, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தூக்கிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இவ்வளவு என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை நாளாக என் வாயையும் முகத்தையும் பார்த்தே என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் மறுபடியும் அழுத்தினாள். விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்க்காமலே, ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுகிற உரத்த குரலில், உள்ளேயிருந்து சொன்னார்:

"நான் ரெடி மேடம். நீங்க ஆரம்பிக்கலாம்."